எருக்கஞ்செடிக்குப் பால் கொடுத்தவள்

எருக்கஞ்செடியின் இலையை எப்போதாவது கிள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? கிள்ளிய இடத்தில் பொட்டுப் பொட்டாகப் பால் வரும். காலில் முள் ஏறினால் அதில் ஒரு சொட்டு வைப்போம், முள் தானாக மேலே வந்துவிடும். கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது. பிள்ளைகள் கிள்ளினால் உடனே கையைக் கழுவி விடுங்கள். சரி, பசுவுக்குப் பால் வந்தால் கன்று இருக்கிறது என்று அர்த்தம். ஒரு செடிக்கு எதற்குப் பால்?

செடிகொடிக்கும் ஆடுமாட்டுக்கும் நம்மைப் போலவே வாய்ப்பேச்சு இருந்த காலத்தில் நடந்தது இது. மலையடிவாரத்தில் ஒரு பட்டணம் இருந்தது. அந்தப் பட்டணத்துக்கு ஒரு பழைய இடுகாடு. முதலில் அது ஊருக்கு வெளியேதான் இருந்தது. வீடுகள் பெருகப் பெருக, ஒரு பக்கம் சந்தை வந்தது, மறுபக்கம் வண்டிப்பேட்டை வந்தது, கடைசியில் இடுகாடு நடு ஊராகிவிட்டது. இடுகாடு நகரவே இல்லை. ஊர்தான் போய் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் அதுதான் வந்து குறுக்கே படுத்துக்கொண்ட மாதிரி எல்லாரும் அதன் மேல் கோபப்பட்டார்கள்.

பட்டணத்தை ஆண்டது ஒரு நகரசபை. அதில் மனிதர்களும் இருந்தார்கள், மிருகங்களும் இருந்தன. சேர்மன் சென்னியப்பர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. "எல்லாருக்கும் ஒரே விதி" என்பார், அதை மீற மாட்டார். மெம்பர்களில் ஒன்று வெள்ளாடு. இடுகாட்டுப் புல் அதன் குத்தகையில் இருந்தது. பேசும்போதும் மென்றுகொண்டே பேசும்.

ஒருநாள் சபை கூடி ஒரு தீர்மானம் போட்டது. அமாவாசை கழிந்த மறுநாள் இடுகாட்டைச் சமப்படுத்திச் சந்தைக் கடைகள் கட்டுவது. ஆனால் அடையாளம் இருக்கிற குழியைத் தொடுவதில்லை. அடையாளம் என்றால் கல்தான் என்று இல்லை, ஏழைபாழைகள் நட்ட செடி நின்றாலும் போதும். செடியைச் சேர்த்தது சேர்மன்தான். ஆதரவாக முதலில் முன்னங்காலைத் தூக்கியது வெள்ளாடு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. செடியைத் தின்கிறவனே இடுகாட்டில் மேய்கிறான் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சபைக் கட்டடத்து ஜன்னலுக்கு வெளியே நின்ற எருக்கஞ்செடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது அதற்குப் பால் கிடையாது. இலையைக் கிள்ளினால் தெளிந்த தண்ணீர்தான் வரும், அதுவும் இனிப்பாக. சபைக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஓர் இலை பறித்து மென்றுகொண்டே உள்ளே போவார்கள். காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆள் உண்டு. செல்லமாக வளர்ந்த செடி. ஊர்க் கவலை எதுவும் அதற்குத் தெரியாது.

அதே பட்டணத்தில் நாச்சாத்தாள் என்று ஒரு கீரைக்காரி இருந்தாள். புருஷன் காளியண்ணன் மூட்டை தூக்குகிறவன். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பெயர் வைக்கும் முன்னாலேயே காய்ச்சலில் போய்விட்டது. இடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. ஆண்கள்தான் கொண்டுபோய், பச்சைப்பிள்ளைகளைப் புதைக்கும் மூலையில் புதைத்துவிட்டு வந்தார்கள். பெயரில்லாத பிள்ளைக்கு யார் கல் நடுவார்கள்? வேலியில் ஒரு கிளுவைக் குச்சியை ஒடித்து மண்மேட்டில் ஊன்றிவிட்டு வந்தான் காளியண்ணன்.

பிள்ளை போனது நாச்சாத்தாளின் உடம்புக்குத் தெரியவில்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், வளர்ந்த பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கப் பூசுவது போல வேப்பிலையை அரைத்து மார்பில் பூசிவிட்டார்கள். கசக்கிறது என்று முகத்தைச் சுளிக்கப் பிள்ளை இல்லை. பால் அது பாட்டுக்குச் சுரந்தது.

சபையின் தீர்மானத்தைத் தண்டோரா போட்டுச் சொன்னபோது அவள் கீரை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நம்ம குச்சி நிக்குதுங்களா? ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க."

காளியண்ணன் ஓடினான். குச்சி இல்லை. மூலையில் வெள்ளாடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங்க மெம்பரு, இங்க ஒரு கிளுவைக் குச்சி ஊனியிருந்தனுங்க."

"அதா? துளிர்த்திருந்துச்சப்பா. ரெண்டு இலை. நல்ல எளசு."

"அது எங்க கொழந்தைக்கு வெச்ச அடையாளமுங்க!"

"அடையாளம்னா அதுல எழுதியா ஒட்டியிருந்துச்சு? எலைன்னா திங்கறதுக்குத்தான். எம்பட குத்தகையில வந்து நட்டுப்போட்டு எங்கிட்டயே கேக்கறயே, நல்ல ஆளப்பா நீ."

காளியண்ணன் மேடுகளைப் பார்த்தான். மழையில் கரைந்து, ஆட்டின் குளம்பு மிதித்து, எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. கிழக்கே இருந்து எண்ணினான், மேற்கே இருந்து எண்ணினான். ஒவ்வொரு தடவையும் வேறு மேட்டில் வந்து நின்றான். வீட்டுக்கு வந்தபோது அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"எதுன்னு தெரியல, நாச்சா."

"என்னங்க பேசறீங்க? உங்க கையாலதான வெச்சீங்க?"

"என் கையாலதான் வெச்சேன். கண்ணுதான் அன்னைக்கு ஒண்ணையும் பாக்கல."

நாச்சாத்தாள் அவனைத் திட்டவில்லை. கீரைக்கூடையை அப்படியே போட்டுவிட்டுச் சபைக் கட்டடத்துக்கு நடந்தாள். சேர்மன் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். வாசலில் எருக்கஞ்செடியின் ஓரமாக உட்கார்ந்தாள். நேரம் போகப் போக மார்பு விண்விண்ணென்று தெறித்தது, முந்தானை நனைந்தது. உள்ளே ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். தாங்க முடியாமல் செடியின் பக்கம் திரும்பிக்கொண்டு, அதன் தூரிலே பாலைப் பீய்ச்சிவிட்டாள். மார்பில் பூசியிருந்த வேப்பிலைச் சாறும் கரைந்து கூடவே இறங்கியது.

செடி குடித்துவிட்டது. ஊற்றுவதைக் குடித்துத்தானே அதற்குப் பழக்கம். குடித்த பிறகுதான் உடம்பெல்லாம் நடுங்கியது.

"என்ன அம்மிணி ஊத்துன? இது தண்ணி இல்லியே. கசக்குது. ஆனா விடவும் முடியல."

"என் பால், சாமி. பிள்ளைக்கு ஊறுனது. குடிக்க ஆள் இல்ல."

சேர்மன் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார். நாச்சாத்தாள் எழுந்து கும்பிட்டாள்.

"உன் குறை என்னன்னு சொல்லம்மா."

சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "அடையாளத்தக் காட்டும்மா, ஒரு மம்பட்டி கூட அந்தப் பக்கம் வராது. நான் பொறுப்பு."

"அடையாளம் உங்க மெம்பரு வயித்துல இருக்குதுங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சேர்மனுக்கு முகம் சிவந்தது. "நாளைக்கு ஆளாளுக்கு வந்து ஆடு தின்னுருச்சு, மாடு தின்னுருச்சும்பாங்க. எல்லாருக்கும் ஒரே விதிதாம்மா. போயிட்டு வா" என்று உள்ளே போய்விட்டார்.

அவள் திரும்பி நடந்தபோது பின்னால் மண் பிளக்கிற சத்தம் கேட்டது. எருக்கஞ்செடி வேரைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து நின்றது.

"எங்க போற நீ?" என்றாள்.

"அந்தப் பிள்ளை குடிக்க வேண்டியத நான் குடிச்சிட்டேன். திருப்பிக் கக்கவா முடியும்? அது தலமாட்டுல போய் நிக்கறேன். நட."

"உன்னையும் ஆடு தின்னுருமே, சாமி."

"தின்னு பாக்கட்டும்."

நாச்சாத்தாள் செடியை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டாள், பிள்ளையை வைப்பது போலத்தான். இடுகாட்டுக்குள் ஒரு பெண் போவதைப் பார்த்து வண்டிப்பேட்டையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். காளியண்ணன் மட்டும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டான். காலங்காலமாய் இல்லாத வழக்கம்தான், ஆனாலும் அவன் தடுக்கவில்லை.

மூலைக்கு வந்தார்கள். எத்தனையோ சின்னச் சின்ன மேடுகள்.

"எது?" என்றது செடி.

பெற்றவளுக்குத் தெரியாமலா போகும் என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள். ஒரு மேட்டின் பக்கம் குனிந்தாள். பால் சுரந்தது. "இதுதான், இதுதான்" என்று மண்ணைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஒரு சந்தேகம் வந்து அடுத்த மேட்டின் பக்கம் குனிந்தாள். அங்கேயும் சுரந்தது. அதற்கடுத்த மேட்டிலும் சுரந்தது. எந்தப் பிள்ளையின் பக்கம் குனிந்தாலும் சுரந்தது. பாலுக்கு ஆள் தெரியவில்லை. அவள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளை செத்த அன்றைக்குக் கூட அழாத அழுகையை அழுதாள்.

செடி அவளைப் பார்த்தபடி அங்கேயே வேர் இறக்கியது. அதுவரை காய்த்தே அறியாத அதன் உடம்பில், பால் கட்டிய மார்பு போலக் காய்கள் புடைத்தன. புடைத்து, வலி பொறுக்காமல் வெடித்தன. உள்ளிருந்து பஞ்சு பஞ்சாக விதைகள் கிளம்பி, எல்லா மேட்டின் மேலும் போய் உட்கார்ந்தன. ஒன்று எது என்று தெரியாவிட்டால் அத்தனைக்கும் தலைமாட்டில் நிற்க வேண்டியதுதானே.

அன்று மழை பிடித்தது. அமாவாசை கழிந்து விடிந்தபோது, மேட்டுக்கு மேடு கனத்த இலைகளோடு எருக்கு நின்றது. வெள்ளாடுதான் முதலில் பார்த்தது. "ஓஹோ, குத்தகையில புதுக் கீரையா!" என்று ஒரு வாய் கவ்வியது. அடுத்த நொடி நுரை தள்ள, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு குளத்தைப் பார்த்து ஓடியது.

மண்வெட்டி ஆட்களோடு வந்த சேர்மன், யாரோ இரவோடு இரவாக ஒடித்துக் குத்தி வைத்த கிளைகளோ என்று ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தார். வெள்ளையாகப் பால் வழிந்து விரலில் இறங்கியது. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். வேட்டியில் கையைத் துடைத்தார், துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விதி விதிதானப்பா. இந்த மூலைய விட்டுருங்க."

அந்த மூலையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சமப்படுத்தினார்கள். அடையாளம் இல்லாத பெரியவர்கள் எத்தனை பேர் அடியில் போனார்கள் என்று கணக்கில்லை. மேலே கடைகள் எழுந்தன. கீரைக்காரிகளுக்கும் நிழலில் இடம் கொடுத்தார்கள். நாச்சாத்தாளும் ஓர் இடம் வாங்கிக்கொண்டாள், வயிறு இருக்கிறதே. யார் மேல் உட்கார்ந்து கீரை விற்கிறோம் என்று அவள் குனிந்து பார்ப்பதில்லை.

நாக்கு வெந்த வெள்ளாடு சும்மா இருக்குமா? சபையில் அழுது இன்னொரு தீர்மானம் போட வைத்தது: எருக்கை யாரும் நடக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, அதனோடு பேசவும் கூடாது. பேச ஆள் இல்லாத வாய் எத்தனை நாள் இருக்கும்? எருக்கின் குரல் மெல்ல மெல்லக் கம்மியது.

அன்றைக்கு ஏறிய பால்தான் இன்றைக்கும் எருக்கில் ஓடுகிறது. அன்றைக்குக் கரைந்த வேப்பிலைதான் அதன் கசப்பு. அன்று முதல்தான் ஆடு அதை முகர்ந்துவிட்டு விலகிப் போகிறது. பெயரில்லாத மண் எங்கே கிடந்தாலும், இடிந்த சுவரானாலும் ரோட்டோரமானாலும், பஞ்சில் ஏறிப் போய் அங்கே நிற்கிறது. நாச்சாத்தாளுக்குத் தன் பிள்ளை எந்த மேட்டில் என்று கடைசி வரை தெரியவில்லை. செடியின் குரல் முழுதாக அடைத்துப்போகும் முன், ஒருநாள் சாயங்காலம் கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்து, அதன் இலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"எம்புள்ள எதுன்னு உனக்குத் தெரிஞ்சாலும் எங்கிட்டச் சொல்லோணும்னு இல்ல, சாமி. அவ பக்கத்துல மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலா நில்லு."