மருத்துவச்சியின் நோட்டும் பொன்கரைப் பட்டயமும்

மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே முப்பது வருஷம் பேறு பார்த்த மருத்துவச்சி இறந்தபோது, வீட்டில் இரண்டு காகிதங்களை விட்டுப் போனாள். ஒன்று, பொன்கரை போட்ட பாராட்டுப் பட்டயம். அது கண்ணாடிச் சட்டத்துக்குள் முன்னறைச் சுவரில் தொங்கியது. மற்றது, அவளுடைய பேறுகால நோட்டு. அட்டை பிய்ந்து, டிஞ்சர் கறை படிந்து, டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது.

நோட்டு என்று ஒன்று இருப்பதையே பட்டயம் நினைத்ததில்லை. நிறைமதி வந்த நாள்வரைக்கும்.

நிறைமதி, கீழே டவுனில் புதிதாகத் திறந்த ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர். தோட்டத்து மக்களின் பழைய காகிதங்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். மருத்துவச்சியின் மகள் பியூலா முதலில் பட்டயத்தைத்தான் காட்டினாள்.

"அம்மாவுக்கு கவர்மெண்ட் கொடுத்தது, மேடம்."

"நல்லா இருக்குக்கா. அவங்க கையால எழுதினது ஏதாவது இருக்கா?"

டிரங்குப் பெட்டி திறந்தது. நோட்டை வாங்கிய நிறைமதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கொடுத்த காப்பி ஆறி ஆடை படிந்தது.

"அக்கா, இதுல நானூறு பிள்ளைங்களுக்கு மேல இருக்காங்க. இதைக் காப்பகத்துக்குத் தருவீங்களா?"

"ஒரு தடவை படிச்சுக்கறேன் மேடம். ரெண்டு நாள்ல நானே கொண்டாந்து தர்றேன்."

அந்த இரண்டு நாளும் பியூலா நோட்டை மடியிலிருந்து இறக்கவில்லை. பட்டயம் சுவரிலிருந்து பார்த்துப் பார்த்து வெந்தது.

"உன்னிடம் அப்படி என்ன இருக்கிறது?" என்று நோட்டைக் கேட்டது. "என் எழுத்தைப் பார், அச்சடித்தது. அடியில் முத்திரை. இந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் என்னைத்தான் நின்று படித்தார்கள்."

"என்னிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றது நோட்டு.

அந்தப் பதிலில் துளிகூடப் பெருமை இல்லை. அதைத்தான் பட்டயத்தால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை, பியூலா நோட்டைச் சுவரோரம் வைத்துவிட்டுப் பை எடுக்க உள்ளே போனாள். பட்டயம் தன் பாரத்தையெல்லாம் ஆணியின் மேல் போட்டது. ஆணி பெயர்ந்தது. சட்டம் நேராக நோட்டின் மேல் விழுந்து, கண்ணாடி நொறுங்கியது.

ஓடிவந்த பியூலா முதலில் நோட்டைத்தான் எடுத்தாள். சில்லுகளை ஊதி உதறி, ஏதாவது பக்கம் கிழிந்துவிட்டதா என்று பார்த்தாள். பிறகுதான் பட்டயத்தின் பக்கம் திரும்பினாள். சட்டம் இல்லாமல் இனி இதை எங்கே மாட்டுவது என்று அதையும் பையில் செருகிக்கொண்டாள்.

காப்பகத்தில் இரண்டுக்கும் ஒரே அட்டைப்பெட்டி. அதன்மேல் நிறைமதி 'பேறுகால நோட்டு' என்று எழுதினாள். அடியில் சின்னதாக, 'மற்றும் ஒரு பட்டயம்.'

அந்த 'மற்றும்' பட்டயத்தை அரித்தது.

தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். பெட்டி திறக்கும். பட்டயத்தை ஓரமாக நகர்த்திவிட்டு நோட்டை எடுப்பார்கள். நோட்டு திரும்பி வந்ததும் பட்டயம் கேட்கும்: "இன்றைக்கு எத்தனை பேர் அழுதார்கள்?"

"இரண்டு பேர்."

"ஆளை அழவைப்பதில் என்ன சாமர்த்தியம்?" என்று திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

ஒருநாள் பியூலா ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்திருந்தாள். அப்போது சங்கிலி என்ற அறுபது வயதுக்காரர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"தோட்டத்துல அஞ்சாம் லைன் வீட்டுல பொறந்தவன்மா. பெத்துப் போட்டுட்டு எங்கம்மா மலையிறங்கி ஓடிட்டான்னு சொல்லித்தான் வளர்த்தாங்க. அவ பேராவது இதுல இருக்குமா?"

நிறைமதி தேடி எடுத்து, விரல் வைத்து வாசித்தாள்.

"'ஆண். ஐந்தாம் லைன். தாய் பேச்சியம்மா. ரத்தப்போக்கு நிற்கவில்லை. பிள்ளைக்குச் சங்கிலி என்று பெயர் வைத்தாள். மூன்று தடவை கூப்பிட்டாள். பொழுது சாயுமுன் இறந்தாள்.'"

சங்கிலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடலையா?"

"இல்லீங்க ஐயா."

"என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாளா?"

"மூணு தடவைன்னு எழுதியிருக்கு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதை எழுதி வெச்ச தாயி பேரென்னம்மா?"

நிறைமதி நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். மருத்துவச்சி தன் பெயரை எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பட்டயம் துள்ளியது. நிறைமதியின் கை பெட்டிக்குள் வந்து, முதல்முறையாக அதை வெளியே எடுத்தது.

"இதோ இருக்குங்க. ருக்மணி."

பட்டயத்தின் பொன்கரை வெளிச்சத்தில் மின்னியது.

"ஐயோ, அது அம்மா பேரு இல்லீங்க மேடம்" என்றாள் பியூலா. "அவங்க பேரு ரூத்து. விழாவுல ருக்மணி, ருக்மணின்னு மைக்குல கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. வேற யாரையோன்னு அம்மா கைதட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க."

"திருத்தித் தரச் சொல்லலையா?"

"விடு, கண்ணாடி நல்லாருக்குன்னு அம்மா சொல்லிட்டாங்க."

நிறைமதி பென்சிலை எடுத்து, பெட்டியின் மேல் 'ரூத்து' என்று எழுதினாள். "ரூத்தம்மா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு, சங்கிலி அந்த எழுத்தைக் கும்பிட்டார்.

பெட்டி மூடியது. இருட்டில் பட்டயம் நோட்டின் பக்கம் திரும்பியது.

"உன்னிடம் மொத்தம் எத்தனை பெயர்?"

"நானூற்றுப் பதினேழு."

"எல்லாம் சரியாகவா இருக்கிறது?"

"சரியாகத்தான்."

"எனக்கு ஒரே ஒரு பெயர்தான். அதுவும் தப்பு." பட்டயத்தின் குரலில் பழைய எரிச்சல் கடைசியாக ஒருமுறை எட்டிப்பார்த்தது. "உனக்கு மட்டும் எப்படி?"

"எழுதுவதற்கு முன்னால், அவள் ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள்" என்றது நோட்டு.