கீழ்த்தளத்து ஸ்டெதஸ்கோப்

குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளத்து அறையில், கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் ஒரு ஸ்டெதஸ்கோப் தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கென்றே செய்த சின்ன வட்டம் அதற்கு. பதினெட்டு வருஷம் அது டாக்டர் சௌந்தரவல்லியின் கழுத்தில் கிடந்தது. மூன்றாம் மாடி வார்டில் அது தொடாத பிஞ்சு நெஞ்சு இல்லை.

போன ஆவணியில் டாக்டர் வார்டை விட்டுக் கீழே வந்தார். 'ஆலோசக மருத்துவர்' என்று வாசலில் பலகை மாட்டினார்கள். வந்த அன்றைக்கே ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி ஆணியில் மாட்டியவர், பிறகு அதைத் தொடவேயில்லை. ஏன் என்று அதற்குப் புரியவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன் என்று மட்டும் நினைத்து நினைத்துப் பார்த்தது.

அது ஏங்கியது. குழந்தை உடம்பின் வெதுவெதுப்புக்கு ஏங்கியது. குதிரைக்குட்டி ஓடுவதுபோல் அடிக்கும் அந்தச் சின்ன இதயங்களுக்கு ஏங்கியது. எல்லாவற்றையும்விட, சத்தம் காதில் போய்ச் சேர்ந்ததும் ஒரு கணம் அசையாமல் நிற்கும் அந்த டாக்டருக்காக ஏங்கியது.

ஒருநாள் மேசைமேல் இருந்த பேனாவிடம் பேச்சுக் கொடுத்தது.

"நீ கொடுத்துவைத்தவன். பகல் முழுக்க அவர் விரலிலேயே இருக்கிறாய்."

"இருந்து என்ன? நான் பார்ப்பதெல்லாம் காகிதம். ஒரு குழந்தை முகத்தையாவது பார்த்திருக்கிறேனா?" என்றது பேனா.

"இங்கே உட்கார்ந்து அவர் என்னதான் செய்கிறார்?"

"மாடியில் டாக்டர்கள் எழுதி அனுப்புவதைப் படிக்கிறார். எந்தக் குழந்தை இன்னும் வார்டில் இருக்கவேண்டும், எது வீட்டுக்குப் போகலாம், எழுதியதில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறார். காப்பீட்டுக்காரர்கள் பணம் தர மறுத்தால் அவர்களோடு பேசுகிறார்."

"நெஞ்சைத் தொடாமல் ஒரு குழந்தையைப் பற்றி என்ன தெரிந்துவிடும்?"



செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மெலிந்த ஃபைல் வந்து மேசைமேல் விழுந்தது. ஐந்து மாதக் குழந்தை நிறைமதியின் ஃபைல். சளி நெஞ்சில் இறங்கி மூச்சுத் திணறி, முந்தின நாள்தான் சேர்த்திருந்தார்கள்.

"என்னை அவசர அவசரமாக எழுதி அனுப்பிவிட்டார்கள்," என்று ஃபைல் புலம்பியது. "'குழந்தை பரவாயில்லை, தொடர்ந்து கவனிக்கவும்.' இவ்வளவுதான் எழுதியிருக்கிறார் டாக்டர் இம்மானுவேல். பாவம், அவருக்கு நேற்று முப்பது குழந்தைகள். இதைப் படித்துவிட்டுக் காப்பீட்டு அலுவலகம் சொல்லிவிட்டது, பரவாயில்லை என்றால் வார்டு எதற்கு, இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள் என்று."

டாக்டர் சௌந்தரவல்லி முதல் பக்கத்தைப் படித்தார். அப்படியே விடவில்லை. பின்னால் புரட்டி, நர்ஸ்கள் குறித்துவைத்த தாளுக்குப் போனார். பேனா அவர் விரலோடு வரிவரியாக இறங்கியது. தொண்ணூறு மில்லி பால் குடிக்கும் குழந்தை முப்பதோடு நிறுத்திவிடுகிறது. தூங்கும்போது ஆக்சிஜன் அளவு இறங்குகிறது. ஓரிடத்தில் பேனா நின்றது.

"அசையாமல் இருக்கிறார்," என்றது பேனா மெதுவாக.

அந்த அசையாமையை ஸ்டெதஸ்கோப் ஆணியிலிருந்தபடியே பார்த்தது. அதற்குத் தெரியாததா!

டாக்டர் எழுந்தார். கதவுப் பக்கம் வந்தார். ஆணியில் கை வைத்தார்.

மூன்று மாடி ஏறும்வரை ஸ்டெதஸ்கோப்புக்குத் தலைகால் புரியவில்லை. வார்டில் நிறைமதியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் அம்மா முத்துச்செல்வி நின்றாள். பை தயாராகக் கட்டிலில் இருந்தது.

"வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க டாக்டரம்மா. ஆனா இவ பாலே குடிக்க மாட்டேங்குறா. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

"என்கிட்ட சொல்லிட்டீங்கல்ல? உக்காருங்கம்மா. பையை இறக்கி வைங்க."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நீட்டினார். குழந்தையிடம் அல்ல, பக்கத்தில் நின்ற இளம் டாக்டர் இம்மானுவேலிடம்.

"நீங்க கேளுங்க. உள்ளங்கையில தேய்ச்சு, சூடாக்கிட்டு வைங்க."

"நீங்களே பாருங்களேன், மேடம்."

டாக்டர் சௌந்தரவல்லி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் காதுக்கு அந்த மெல்லிய சத்தமெல்லாம் இப்போ எட்டறதில்ல, இம்மானுவேல். அதனாலதான் கீழ போனேன். கேக்காத காதை வச்சுக்கிட்டுக் குழந்தை பக்கத்துல நிக்கக்கூடாது."

ஸ்டெதஸ்கோப் திகைத்துப்போனது. இத்தனை மாதமும் தன்னை ஒதுக்கிவிட்டார் என்றல்லவா நினைத்திருந்தது.

அதற்குள் அது குழந்தையின் முதுகில் இருந்தது. அதே வெதுவெதுப்பு. அதே குதிரைக்குட்டி. அதற்கும் அடியில், இடது பக்கம் கீழே, காற்று போக முடியாமல் நொறுநொறுத்துக்கொண்டிருந்தது. ஒன்றையும் சிந்தாமல் அள்ளிக் கொண்டுபோய் இம்மானுவேலின் காதில் சேர்த்தது.

அவர் முகம் மாறியது. "காலையில இது இவ்வளவு இல்ல, மேடம்."

"இருக்கறதை இருக்கற மாதிரி எழுதுங்க. பால் எவ்வளவு, தூங்கும்போது மூச்சு எப்படி, எல்லாம். நீங்க எழுதாததை வச்சு நான் சண்டை போட முடியாது."

அவர் எழுதினார். டாக்டர் வார்டு வாசலிலேயே நின்று காப்பீட்டு அலுவலகத்து மருத்துவருக்குப் போன் செய்தார்.

"நீங்க பாத்தது பழைய குறிப்பு, டாக்டர். புதுசை அனுப்பியிருக்கேன், படிங்க. தூங்கினா ஆக்சிஜன் இறங்கற குழந்தைய நீங்க வீட்டுக்கு அனுப்புவீங்களா? நான் லைன்லயே இருக்கேன்."

வெகுநேரம் காத்திருந்தார். கடைசியில், "நன்றி, டாக்டர்," என்றார். முத்துச்செல்வி பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் நிறைமதிக்கு மூச்சு மோசமானது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஆக்சிஜன் இருந்தது; கவனிக்கக் கைகள் இருந்தன. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். வெள்ளிக்கிழமை அவள் தொண்ணூறு மில்லியையும் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று அழுதாள்.

ஸ்டெதஸ்கோப் கீழே திரும்பவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும்," என்று டாக்டர் சௌந்தரவல்லி அதை இம்மானுவேலிடம் கொடுத்துவிட்டார். கேட்டதெல்லாம் அதற்குக் கிடைத்துவிட்டது, வார்டும் குழந்தைகளும். ஆனால் சத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அது வேறொரு காதைத் தேடியது.

சனிக்கிழமை நிறைமதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இம்மானுவேல் ஃபைலோடு கீழ்த்தளத்துக்கு வந்தார். ஸ்டெதஸ்கோப் அவர் கழுத்தில் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர். கை நீட்டினால் தொடும் தூரம். அவர் தொடவில்லை.

"கடைசியா கேட்டப்போ எப்படி இருந்துச்சு?"

"சுத்தமா இருந்துச்சு, மேடம். ரெண்டு பக்கமும்."

"அப்படி இல்ல. சத்தத்தைச் சொல்லுங்க."

இம்மானுவேல் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு முன்னால் குனிந்து, குழந்தை மூச்சு விடுவதுபோல வாயாலேயே விட்டுக் காட்டினார். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"கேட்டுடுச்சு," என்றார்.