பதினோரு பக்கமும் ஒரு டேங்கர் பாலும்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் வயது குறைவாக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம். இந்தக் கதையில் தாடி சீடனுக்குத்தான். குருவுக்கு அவனைவிட ஆறேழு வயது குறைவு. பெயர் ஷமீமா. பவானிக்கு அந்தப் பக்கம் ஒரு பால் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். பாதியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். அப்போது அதே ஆய்வகத்தில் மூத்தவனாக இருந்த தணிகைவேல், "வாழ்க்கையக் கெடுத்துக்காதே" என்று அவளை உட்காரவைத்து வெகுநேரம் புத்தி சொன்னான்.

இப்போது முனைவர் தணிகைவேல் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு அவள் அறையில் உட்கார்ந்திருந்தான்.

பல்கலைக்கழகத்தில் அவன் பார்த்துவந்த தற்காலிக வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வருடத் தொடக்கத்திலிருந்து கம்பெனி கம்பெனியாக ரெஸ்யூம் அனுப்பிக்கொண்டிருக்கிறான். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. "ஏதாவது வந்துச்சா?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி இப்போதெல்லாம் கேட்பதில்லை. அதுதான் அவனுக்கு அதிக பயமாக இருந்தது.

"ஓசூர்ல ஒரு குழந்தை உணவுக் கம்பெனி, ஷமீமா. தரக்கட்டுப்பாட்டு வேலை. இன்னைக்கு அஞ்சு மணியோட விண்ணப்பம் முடியுது. ஒரு தடவை பார்த்துச் சொல்லு. எங்க தப்புன்னே எனக்குத் தெரியல."

ஷமீமா வாங்கிப் படித்தாள். பதினோரு பக்கம். முதல் பக்கத்தில் பாதியை ஆய்வேட்டின் தலைப்பே பிடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் கட்டுரைகள், கருத்தரங்குகள், கருத்தரங்குகளில் கொடுத்த சான்றிதழ்கள். பால் எப்போது திரிகிறது, ஏன் திரிகிறது என்பதில் அவன் பத்து வருடத்தைப் போட்டிருந்தான். அவள் ஒரு வரியையும் தாண்டவில்லை. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"படிச்சிட்டேன் அண்ணா."

"எப்படி இருக்கு?"

"எல்லாமே இருக்கு."

"அப்புறம் ஏன் யாரும் கூப்பிட மாட்டேங்கறாங்க?"

அதற்குள் மேசையில் இருந்த போன் அடித்தது. ஷமீமா கேட்டுவிட்டு எழுந்தாள். "ஒரு டேங்கர்ல சந்தேகமாம். வாங்க, நீங்களும் வாங்க."

ஆலை வாசலை ஒட்டிப் பால் இறக்கும் இடம். ஒரு டேங்கர் உள்ளே நின்றது. அதன் பின்னால் இன்னும் சில வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. டிரைவர் மாரப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். பால் வந்ததும் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்துக் கொதிக்கவைத்துப் பார்ப்பார்கள். இன்னொரு குழாயில் ஆல்கஹால் கலந்து பார்ப்பார்கள். இரண்டிலும் திரிந்தால் வண்டி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இன்று கொதிக்கவைத்த பால் நன்றாக இருந்தது. ஆல்கஹால் கலந்ததில் மட்டும் பொடிப் பொடியாகத் திரிந்திருந்தது.

ஷமீமா இரண்டு குழாய்களையும் தணிகைவேல் கையில் கொடுத்தாள்.

"சொல்லுங்க அண்ணா. இறக்கலாமா, திருப்பி அனுப்பலாமா?"

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. இது அவனுக்குத் தெரிந்த விஷயம். "இதுக்குப் பல காரணம் இருக்கலாம். பால்ல இருக்கற கால்சியம் அளவு மாறியிருக்கலாம். மடிநோயா இருக்கலாம். தீவனமா இருக்கலாம். ஒரு தடவை பார்த்ததை வெச்சு முடிவுக்கு வரக்கூடாது, திரும்பத் திரும்பப் பார்க்கணும். இதுல ரெண்டு விதமான கருத்து இருக்கு. முதல் கருத்து என்னன்னா..."

மாரப்பன் அவனைப் பார்க்கவில்லை. தன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இறக்கறதுங்களா, வேண்டாங்களா?"

"அதைத்தாங்க சொல்ல வரேன்" என்று தணிகைவேல் மறுபடி கால்சியத்திலிருந்து ஆரம்பித்தான்.

பின்னால் ஹாரன் பலமாயிற்று. மாரப்பன் ஷமீமா பக்கம் திரும்பினார். "மேடம், நீங்களே சொல்லிப்போடுங்க. வெயில் ஏறுது. இன்னுங் கொஞ்ச நேரம் நின்னா நல்ல பாலும் கெட்டுப்போயிரும்."

"எனக்குத் தெரியாதுங்கண்ணா. சார்தான் சொல்லணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று தணிகைவேல் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. ஆய்வகத்தில் ஒரு குழாய் தப்பாகப் போனால் கொட்டிவிட்டு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அங்கே அவனுடைய பதிலுக்காக யாரும் வெயிலில் நின்றதில்லை. தப்பாகச் சொன்னால் ஒரு டேங்கர் பாலோடு இவள் வேலையும் போகும். சொல்லாமல் இருக்கவும் வழி இல்லை.

"எந்த ஊர்ப் பாலுங்க இது?" என்று மாரப்பனைக் கேட்டான்.

"அந்தியூர்ப் பக்கம், மலையோரமுங்க."

"மாடெல்லாம் கன்னு போட்டு நாளாச்சா?"

"ஆச்சுங்க. பாதிக்கு மேல கறவை வத்தற மாடுங்க."

தணிகைவேல் பாலை முகர்ந்து பார்த்தான். புளிப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்தான். இரண்டும் சரியாக இருந்தன. ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தான்.

"இறக்கலாம். தயிருக்குப் போடுங்க. மாசக்கணக்குல கெடாம வெக்கிற பாக்கெட் பாலுக்கு மட்டும் வேண்டாம். அந்தச் சூட்டை இது தாங்காது."

ஷமீமா போனை எடுத்து அவன் சொன்னதை அப்படியே உள்ளே சொன்னாள். குழாய் மாட்டினார்கள். பால் இறங்க ஆரம்பித்தது.

வேலை முடிந்தது, மாரப்பன் டீக்கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தணிகைவேல் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங் சார், காய்ச்சினாத் திரியல, அதுல மட்டும் திரியுது. அதெப்படிங்க?"

தணிகைவேல் கால்சியத்திலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை மாரப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ம் கொட்டிக் கேட்டார். நடுவில் தீவனம் பற்றிக் கேட்டார். அந்த ரெண்டாவது கருத்து என்ன என்றுகூடக் கேட்டார். ஹாரன் அடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவரும் இறங்கி வந்து சேர்ந்துகொண்டார். ஷமீமா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு முடியும்வரை அவனைக் கூப்பிடவில்லை.

அறைக்குத் திரும்பியதும் அவன் முதலில் கேட்டது, "நான் சொன்னது தப்பா இருந்தா?"

"நாளைக்குத் தயிர் ஒழுங்கா உறையாது. நான் திட்டு வாங்குவேன்" என்றாள். "இந்த மாதிரி வேற யாருக்காவது முன்னாடி சொல்லியிருக்கீங்களா அண்ணா?"

அவன் யோசித்தான். "ஹாஸ்டல் மெஸ்ல ஒரு தடவை. நீ போனதுக்கு அப்புறம். நம்ம யுனிவர்சிட்டி மாட்டுப் பண்ணைப் பால் கோடை பூரா திரிஞ்சுட்டே இருந்தது. பசங்க சாப்பிடாம தட்டைத் தட்டினாங்க. பண்ணையவே மூடிடலாம்னு பேச்சு. நான் போய்ப் பார்த்து, எந்த மாட்டுப் பாலைத் தனியா வெக்கணும்னு சொன்னேன். அதோட நின்னுபோச்சு."

"பண்ணை?"

"இருக்கு. இப்பவும் ஓடுது."

ஷமீமா பதினோரு பக்கங்களையும் மறுபடி புரட்டினாள். "இது இதுல எங்க இருக்கு?"

"அது எதுக்கு இதுல? அதுல பேப்பர் ஒண்ணும் வரலையே."

மழை வரவில்லையே என்பதுபோல இயல்பாகத்தான் சொன்னான். அவனுடைய உலகத்தில் கட்டுரையாக வராதது எதுவும் நடக்காதது. அந்த உலகத்தில் அவளும் சில வருடம் குடியிருந்தவள் என்பதால் ஷமீமா சிரிக்கவில்லை. மடிக்கணினியை அவன் பக்கம் தள்ளினாள்.

"அதை முதல்ல எழுதுங்க."

எழுதினான். எழுதுவது கஷ்டமாக இல்லை, எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு கருத்தரங்கையும் நீக்கும்போது அதற்காக ரயிலில் உட்கார்ந்தே போன இரவு ஞாபகம் வந்தது. "இது ஒண்ணு இருக்கட்டுமே" என்றான் நாலைந்து தடவை. கொஞ்ச நேரத்தில் அவனே நீக்கினான். பண்ணையைக் காப்பாற்றியது மேலே வந்தது. உதிரிபாகம் கிடைக்காத இயந்திரத்தைப் பல வருடம் நிற்காமல் ஓட்டியது, புதிதாக வந்த மாணவர்களுக்கெல்லாம் வேலை கற்றுக்கொடுத்தது என்று அவன் மறந்தே போயிருந்தவை ஒவ்வொன்றாக வந்தன. பத்து வருட ஆராய்ச்சி அடியில் இரண்டு வரியாக உட்கார்ந்தது.

அஞ்சாக இன்னும் சில நிமிடம் இருந்தது. திரையில் ஒரே ஒரு பக்கம். அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் போன விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"பயமா இருக்கு ஷமீமா" என்றான். "படிச்சது, எழுதினது எல்லாம் போச்சு. ஒரு பக்கம்தான் மிச்சம். நான் இவ்வளவுதானா?"

ஷமீமா அவன் கண்ணைப் பார்த்தாள்.

"இறக்கலாம்னு சொன்னதுக்கு அப்புறம் மாரப்பண்ணன் என்ன அண்ணா பண்ணினார்?"

"பக்கத்துல வந்து நின்னு, அந்த ரெண்டாவது கருத்து என்னன்னு கேட்டார்" என்றான் தணிகைவேல். சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினான்.