குட்டி நாயும் நாய்க்குட்டியும்

பட்டாணிக்கு நடந்தது அநியாயம். யாரும் அவனை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஊட்டி ஊட்டியே கெடுத்தார்கள். அதுவும் பாசத்தோடு!

பட்டாணி ஒரு வெள்ளைப் பொமரேனியன் நாய். ஒரு கூடைக்குள் சுருண்டு படுத்தால் கூடையில் இன்னும் இடம் இருக்கும். அருவியில் குளிக்க வந்த ஒரு குடும்பத்தோடு வந்தவன், அணிலைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடி வழி தவறிவிட்டான். ஒரு மடுவின் கரையில் நடுங்கிக்கொண்டு நின்றவனைச் செந்நாய்க் கூட்டம் சுற்றி வளைத்தது.

கூட்டத்தின் தலைவி செம்பி முன்னால் வந்து மோந்து பார்த்தாள்.

"யாருடா கண்ணு நீ?"

"பட்டாணிங்க. நான் குட்டி நாய்."

"யாரு பல்லும் படக்கூடாது!" என்று செம்பி திரும்பிச் சீறினாள். "குட்டியாம்!"

"குட்டி இல்லம்மா! குட்டி நாய்! எங்க இனமே இவ்வளவுதான். எனக்குப் பத்து வயசு ஆகுது!"

செம்பியின் துணைவன் முறுக்கன் விழுந்து விழுந்து சிரித்தான். "குட்டி நாய்னா என்ன, நாய்க்குட்டினா என்ன? வார்த்தையைத் திருப்பிப் போட்டா வயசு கூடிடுமா? வாயைப் பாரு இந்தப் பொடியனுக்கு!"

அந்த ஆண்டுப் பெருமழையில் செம்பியின் வளைக்குள் வெள்ளம் புகுந்து அவளுடைய குட்டிகள் எல்லாம் போய்விட்டன. பறிகொடுத்தவளுக்குப் பார்ப்பதெல்லாம் குட்டியாகத் தெரியும். சரி, தெரியட்டும். ஆனால் அவன் வாய் திறந்து சொன்ன பிறகும் அப்படியே தெரிய வேண்டுமா?

செந்நாய்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேட்டை விழுந்ததும் குட்டிகள்தான் முதலில் தின்னும். குட்டி வயிறு முட்டத் தின்று விலகும் வரை பெரியவர்கள் யாரும் வாய் வைக்கக் கூடாது. கேட்க எவ்வளவு அழகான வழக்கம்! அதுதான் பட்டாணிக்கு எமனாக வந்தது.

அன்று ஒரு மான் விழுந்தது. செம்பி ஈரலைக் கிழித்து அவன் முன்னால் போட்டாள்.

"தின்னுடா செல்லம்!"

பட்டாணி ஒரு வாய் தின்று நிறுத்தினான். "போதும்மா. எனக்குச் சிறுநீரகம் பழுது. ஊசி போடுற டாக்டரு கறியைக் குறைக்கச் சொல்லியிருக்காரு. வீட்ல சோத்துல ரெண்டு துண்டு கறி பிசைஞ்சுதான் வைப்பாங்க."

"சோறா? நாய்க்கா?" முறுக்கனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதான் இப்படிச் சுருங்கிப் போயிருக்க! உன்னை மடியிலயே வச்சுக்கணும்னு, வளரவிடாம கறியைக் குறைச்சிருக்கான் மனுஷன். நீ நாய்டா! கறி தின்னாத்தான் வளருவ!"

"நான் வளர்ந்து முடிச்சிட்டேன்!"

அதற்கும் சிரித்தார்கள். சுற்றிலும் கூட்டம் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றது. இவன் வயிறு தொங்கும் வரை அவர்கள் பசியோடுதான் நிற்க வேண்டும். பட்டாணிக்கு மனசு கேட்கவில்லை. ஐயோ பாவம், எனக்காக இத்தனை பேர் காயணுமா என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். ஒவ்வொரு வேட்டைக்கும் இதே கதைதான்.

சில வாரங்களில் அவன் இளைத்துவிட்டான். தின்றதைக் கக்கினான். வாயில் ஒரு கெட்ட வாடை. ஓயாமல் தாகம் எடுத்தது.

"புள்ளை இளைக்குது. இன்னும் போடணும்!" என்றாள் செம்பி.

மடுவில் அல்லி என்ற இளம் நீர்நாய் இருந்தாள். வாயாடி. பட்டாணி திரும்பத் திரும்ப வந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, "என்னய்யா, மடுவையே காலி பண்ணிடுவ போல? மீனெல்லாம் வெயில்ல கிடக்கும்!" என்று கிண்டல் செய்தாள். அவன் வாயைத் திறந்து தன் வயசையும் டாக்டர் சொன்னதையும் சொன்னான். அல்லியின் சிரிப்பு நின்றுவிட்டது. நேராகச் செந்நாய்க் கூட்டத்தின் நடுவே போய் நின்றாள்.

"அவனுக்குக் கறியை நிறுத்துங்க!"

"நாய்க்கு என்ன போடணும்னு எங்களுக்கு நீ சொல்றியா?" என்றான் முறுக்கன்.

"என் பேர்லயும்தான் நாய் இருக்கு! எனக்கும் மான் தொடை போடுவீங்களா?"

"அவன் வளர்ற குட்டி!"

"வளர்ற குட்டிக்குப் பல்லு முளைக்கும். இவனுக்குக் கொட்டியிருக்கு! உள்ள நாலு பல்லுகூட இல்ல. வெள்ளை முடியில நரை தெரியாதுதான். வாயைத் திறந்து பார்க்கவுமா தெரியாது? திணிக்கும்போது திறந்த வாய்தானே அது!"

செம்பி வந்து பட்டாணியின் உதட்டை மூக்கால் விலக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முறுக்கன் மெல்லக் கேட்டான்: "அப்போ... இவரு நமக்கெல்லாம் மூத்தவரா?"

"அதைத்தான் முதல் நாள்லேருந்து அவரு சொல்றாரு!" என்று அல்லி கத்தினாள்.

செம்பி அவன் முன்னால் தலையைத் தாழ்த்தினாள். "அண்ணே, உங்களுக்கு என்ன வேணும்?"

அவனை அந்தக் காட்டில் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பட்டாணியின் வால் லேசாக ஆடியது. "அந்தப் பலாமரத்துக்கடியில ஒரு சுளை கிடந்தா எடுத்துட்டு வாம்மா. ரொம்ப நாளா வாசனை வருது."

முறுக்கன் பறந்து போய் எடுத்து வந்தான். கொட்டையை நீக்கி, சுளையைச் சின்னச் சின்னதாகக் கடித்து வைத்தான். பட்டாணியால் ஒருமுறை நக்கத்தான் முடிந்தது.

"நல்லாருக்கு," என்றான்.

விடிந்தபோது பட்டாணி எழுந்திருக்கவில்லை.

கூட்டம் அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. வேட்டைக்கு யாரும் கிளம்பவில்லை. முறுக்கனுக்கு மட்டும் ஆற்றாமை தாங்கவில்லை.

"நாம என்ன தப்பு பண்ணினோம் செம்பி? நாம பசியோட நின்னு அவருக்குப் போட்டோம். ஒரு நாளாவது கெட்ட கறி போட்டோமா? காட்டுலயே நல்ல கறியைத்தானே போட்டோம்?"

அல்லி பதில் சொல்ல வாயெடுத்தாள். செம்பியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். செம்பி மிச்சம் கிடந்த பலாச்சுளையைப் பட்டாணியின் அருகே மூக்கால் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்:

"கறி நல்ல கறிதான். ஆனா தின்னுறவரு சொன்னதைக் காதுல வாங்காம போட்டோமே... அப்படிப் போடுறதை எவ்வளவு பாசமா போட்டாலும், அது அவங்க பசிக்குப் போடுறது இல்ல, நம்ம ஆசைக்குப் போடுறது."