பழசை மூடும் வேளை

ஒரே முகம், ஒரே குரல், ஒரே சட்டையில் மூன்று பேர் வரிசையாக நிற்கிறார்கள். அதில் ஒருத்தரை மட்டும் வீட்டுக்கு அனுப்பணும் என்றால், நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

சடையப்பனுக்கு வாய்த்த சோதனை அதுதான்.

மலையடிவாரத்து ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் கணினி பழகும் சீடர் அவர். வயது ஐம்பத்தாறு. குரு மரியபுஷ்பத்துக்கு இருபத்தெட்டு.

திரையில் மூன்று சன்னல்கள். எந்த வண்டி எங்கே ஓடுகிறது என்று காட்டும் ஒரே மென்பொருள்தான் மூன்றும். ஒன்று பழசு. ஒன்று காலை ஏழு மணிக்கு வந்த புதுசு. மற்றது சும்மா பழகிப் பார்க்க.

பழசை மூடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மாற்றி மூடினால், ஓடுகிற வண்டி திரையிலிருந்து காணாமல் போய்விடும்.

"குருவம்மா, இதுல எது பழசு?"

"காலையிலேயே அடையாளம் வச்சீங்களே அண்ணாச்சி?"

"வச்சேன் தாயி. பழசுக்குச் சிவப்புப் பொட்டு, புதுசுக்குப் பச்சைப் பொட்டு. வீட்டுக்காரி ஒட்டுப்பொட்டு அட்டையல்லா கொண்டாந்தேன்."

"எங்க ஒட்டுனீங்க?"

"திரைக் கண்ணாடியிலதான்."

மரியபுஷ்பம் மவுசைப் பிடித்து ஒரு சன்னலை ஓரமாக இழுத்தாள். சன்னல் நகர்ந்தது. பொட்டு நகரவில்லை.

"அடப் பாவமே! பொட்டு நிக்கு, பொண்ணு போயிட்டாளே!"

அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சிரிக்காத தாயி. மூணுலயும் அதே பன்னிரண்டு வண்டி பேரு. வயசை எப்படிப் பாக்க?"

"வயசை விடுங்க. எது யாரைச் சுமந்துக்கிட்டு இருக்குன்னு பாருங்க."

வயர்லெஸ்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வண்டியில இருக்க நர்சுமாரெல்லாம் கேளுங்கம்மா. உங்க போன்ல 'இருக்கேன்'னு ஒரு பொத்தான் உண்டுல்லா, அதை ஒருக்கா அமுக்குங்க."

முதல் சன்னலில் ஒரு பெயரும் மினுங்கவில்லை.

"இது பழகிப் பாக்கது."

நடுச் சன்னலில் பதினொன்று மினுங்கின.

"இது புதுசு!"

மூன்றாவதில் ஒன்றே ஒன்று. ஓட்டுநர் இசக்கிராசாவின் வண்டி.

"ஆளு மாட்டிக்கிட்டாரு! இவருதான் பழசு!"

மூடுவதற்கு விரல் போனது. மரியபுஷ்பம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இசக்கி எப்போ கிளம்புனான் அண்ணாச்சி?"

"காலையில அஞ்சு மணிக்கு, புதுசு வருமுன்னயே. மேல் எஸ்டேட்டுல ஒரு பிள்ளைத்தாச்சிக்கு வலி எடுத்து..."

விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இப்ப இதை மூடுனா அவன் வண்டி திரையிலயே இருக்காதே தாயி!"

மேசைத் தொலைபேசி அலறியது. மேலிடம். இன்னும் ஏன் மூடவில்லை என்று கேட்கத்தான்.

சடையப்பன் அதை எடுக்கவில்லை. மவுசைத் தள்ளி வைத்துவிட்டு வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனார்.

"இசக்கி, மாமா பேசுதேன். இங்க ஒரு அவசரமும் இல்ல. அந்தப் பிள்ளைக்கு உடம்பு குலுங்காம, வளைவு பாத்து, பைய வாடே."