பழைய எண்ணெயின் வயிற்றெரிச்சல்

ஒரு பேருந்து நிலையத்தின் வாசலில் சவரிமுத்து வடைக்கடை வைத்திருந்தார். அவர் வாணலியைக் கவிழ்த்ததே கிடையாது. எண்ணெய் குறையக் குறைய மேலே ஊற்றிக்கொள்வார். அடியில் கிடந்தது எந்த வருஷத்து எண்ணெயோ. காய்ந்து, ஆறி, மறுபடி காய்ந்து கருப்பட்டிப் பாகாய் இருந்தது.

ஒரு நாள் அடுப்பருகே புதுக் கடலையெண்ணெய் டின் ஒன்று வந்து உட்கார்ந்தது. சவரிமுத்துவின் மனைவி ஞானப்பூ மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"ஏங்க, வாசனையப் பாருங்க! அளவாச் சேத்தா இது நெஞ்சுக்குக் கெடுதல் இல்லன்னாரு டாக்டர். காய்ச்சினதையே காய்ச்சினதுலதான் உங்க ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள வீங்கிக் கெடக்காம். அந்தக் கறுப்பக் கொட்டுங்க."

பழைய எண்ணெய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காய் நெருப்பில் வெந்தது நான், புகழ் இவனுக்கா?

"ஏலே மினுக்கா, உன்ன மோந்து பாத்தாளோ? என்னையும் ஒரு காலத்துல மோந்து பாத்தவதான் அவ."

"அண்ணாச்சி, நான் என்ன செஞ்சேன்? இன்னும் அடுப்புலயே ஏறலியே."

"ஏறிப் பாரு, தெரியும் உன் பவிசு. தெனமும் உப்புப் பாக்க மொத வடையை அவருதான் திங்காரு. அதோட நானும் உள்ள போவேன். நெஞ்சு வரைக்கும் எனக்கு வழி தெரியும். போற வழியெல்லாம் புண்ணாக்கிட்டுத்தான் போவேன்."

"அது ஒரு பெருமையா அண்ணாச்சி?"

"அந்த வழியில நீ நல்ல பேரு வாங்கக் கூடாது. அதுதாம்ல எனக்கு வேணும்."

சவரிமுத்து துணியைச் சுற்றி வாணலியைத் தூக்கினார். பழைய எண்ணெய் நடுங்கிப்போனது. ஆனால் அவருக்கு மனசு வரவில்லை. திரும்ப அடுப்பிலேயே வைத்தார்.

"பாதி வாணலி கெடக்கு புள்ள. இதுமேலயே புதுச ஊத்துவோம். நல்லது சேந்தா எல்லாம் நல்லதாயிரும்."

"ஆகாதுங்க!" என்று ஞானப்பூ கையைப் பிடிப்பதற்குள் டின்னைச் சாய்த்துவிட்டார்.

"வா தம்பி, வா!" பழைய எண்ணெய் ஆசையாய்க் கட்டிக்கொண்டது. மதியத்துக்குள் புது எண்ணெயின் நிறம் போனது. பொழுது சாய்வதற்குள் மணமும் போனது. பழைய எண்ணெய்க்கு அப்படி ஒரு குளிர்ச்சி.

மூன்றாம் நாள், உப்புப் பார்க்க முதல் வடையைப் பிட்டு வாயில் போட்ட சவரிமுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாவுச் சட்டியின் மேலேயே சாய்ந்தார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். உயிர் மிஞ்சியது. பாதி இதயம் போய்விட்டது என்றார் டாக்டர்.

மறுநாள் ஞானப்பூ தனியாக வந்தாள். கடைக்குப் பின்னால் குழி தோண்டினாள். வாணலியை அப்படியே கவிழ்த்தாள்.

மண்ணில் இறங்கும்போதும் பழைய எண்ணெய்க்கு ஒரு சந்தோஷம். நான் போனால் என்ன, அவனும்தானே போகிறான்.

"ஏலே மினுக்கா, எங்க கெடக்க? உன் கறுத்த மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

"உங்களுக்குள்ளதான் கெடக்கேன், அண்ணாச்சி."

பழைய எண்ணெய் தன் உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்தது. வெறுப்பதற்கு அங்கே வேறொரு முகம் இல்லை.