புழுப்பாம்பின் இரை

மலையடிவார மடத்தில் நல்லசிவத்துக்கு அன்று விடிந்ததிலிருந்தே முகம் கடுகடுவென்று இருந்தது. இருக்காதா பின்னே? கூடப் படித்த வாகீசனுக்கு அரண்மனையில் உபதேசம் செய்யும் பேறு. பல்லக்கே வந்து அழைத்துப் போயிற்று. இவருக்கு வாய்த்ததோ கடலோரத்தில் ஓர் உப்பளக் குப்பம். செத்தவருக்கு ஒரு பாட்டுப் பாட ஆளில்லை, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர ஆளில்லை என்று அந்தச் சனங்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டிப் போக இருவர் வந்து வாசலில் காத்திருந்தார்கள்.

போவதா, மடத்தையே விட்டுவிடுவதா? நல்லசிவம் நேரே குருவிடம் போனார்.

குரு மங்களவல்லி அம்மை இவரைவிட வயதில் இளையவர். அதனால் மரியாதை குறைந்ததில்லை, நல்லசிவத்துக்குக் கோபம் மட்டும் கொஞ்சம் தாராளமாக வரும். துளசித் தொட்டியை நகர்த்திக்கொண்டிருந்த அம்மையிடம், வாகீசனைவிடத் தான் எதில் குறைச்சல், இத்தனை காலம் படித்தது உப்பு வாருகிறவர்களுக்குச் சொல்லத்தானா என்று கொட்டித் தீர்த்தார்.

அம்மை பக்கத்தில் வரச்சொல்லிக் கையசைத்தார்.

தொட்டி இருந்த இடத்தில் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடின. நடுவில் கறுப்பாக, தடித்த நூல் போல ஒன்று நெளிந்தது. மண்புழு என்றார் நல்லசிவம்.

"புழுப்பாம்பு. எறும்பு முட்டைதான் அதற்குச் சாப்பாடு."

அது ஒரு முட்டையை விழுங்கிவிட்டு அடுத்ததற்கு வாய் வைத்தது. நல்லசிவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன மழைக்காலத்தில் ஆட்டுக்குட்டியை விழுங்கிவிட்டு ஓடைக்கரையில் கிடந்த மலைப்பாம்பை மடமே திரண்டுபோய்ப் பார்த்திருக்கிறது.

"அதல்லவா பாம்பு, தாயே."

"சரிதான். இந்த எறும்பு வளைக்குள் அதன் தலை நுழையுமா?"

"நுழையாது. நுழைந்தாலும் பசி அடங்காது."

"இதற்கு?"

நல்லசிவம் குனிந்து பார்த்தார். அது தின்றது போதுமென்று ஈரமண்ணில் சுகமாகச் சுருண்டுகொண்டிருந்தது. அடங்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"இருந்தாலும் தாயே, இதையும் ஒரு பாம்பென்று யார் மதிப்பார்கள்?"

அம்மை கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"எறும்பைக் கேளுங்கள்."

நல்லசிவம் முட்டைகளோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்த எறும்புகளைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், குப்பத்தில் எத்தனை பிள்ளைகள் என்று அந்த இருவரிடம் விசாரித்தார்.